மெல்லும் இயந்திரமும் உம்மாவின் கொய்யாப்பழமும்



சென்ற ஆண்டு ஷஅபான் மாதத் தொடக்கத்தில் தொடங்கியது இந்த விஷயம். நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். ஒருவர் துபாயில் இருக்கிறார், ஒருவர் சென்னையில் இருக்கிறார். இளையவள் மட்டும் ஊரில், உம்மாவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். உம்மாவுக்கு எழுபத்தொரு வயது. நீரிழிவு உண்டு. ஆயினும் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு, திங்களும் வியாழனும் ஸுன்னத்தான நோன்பை விடாமல் வைத்துவருகிறார்கள்.

இளையவள் ஒருநாள் இரவு எங்களுக்கு ஒரு குரற்பதிவு அனுப்பினாள். நோன்பு திறக்கும்போது உம்மா பேரீச்சம்பழத்தை நீரில் ஊறவைத்துக் கரைத்துக் குடிக்கிறார்கள். பிறகு கஞ்சி குடிக்கிறார்கள். பழத்தட்டைத் தொடுவதே இல்லை என்பது அதன் சாரம். ரமலான் வரப்போகிறது, முப்பது நாளும் இப்படியே கழிந்தால் உடம்பு தாங்குமா என்ற கவலை எங்கள் மூவரையும் பற்றிக்கொண்டது. பழத்தைச் சாறாக்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று முடிவு செய்ய எங்களுக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அதற்குப் பிந்தைய இரண்டு வாரமும் எங்கள் பேச்சு ஓர் இயந்திரத்தைச் சுற்றியே நடந்தது.

வீட்டில் மிக்ஸி இருக்கிறது. அதன் கத்தி மிக வேகமாகச் சுழன்று பழத்தை அடித்து நுரையாக்கும். பிறகு நாம்தான் வடிகட்ட வேண்டும். கடைகளில் நெடுநாளாக விற்கும் சாதாரண ஜூஸரில், பல் வைத்த தட்டு பழத்தைத் துருவ, சல்லடைக் கூடை 6,000 முதல் 14,000 சுற்று வேகத்தில் சுழன்று சாற்றை வெளியே வீசும். இவற்றுக்கு மாறாக, மெதுவாக இயங்கும் ஜூஸரில் கத்தியே கிடையாது. தடித்த திருகு ஒன்று நிமிடத்துக்கு 40 முதல் 100 சுற்று வரை சுழன்று, பழத்துண்டை உள்ளே இழுத்து நசுக்கி, சல்லடைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. ஒரு வாய் வழியாகச் சாறு வரும். மறு வாய் வழியாகச் சக்கை வரும். நம் கடைவாய்ப் பற்கள் செய்யும் வேலையை இது செய்வதால், ஆங்கிலத்தில் இதற்கு 'மெல்லும் ஜூஸர்' என்றே பொருள்படும் பெயர் அமைந்திருக்கிறது.

எங்கள் உம்மம்மா தேங்காய்த் துருவலை அம்மியில் தட்டி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்து, தலைப்பால் எடுத்ததை நாங்கள் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அந்த நசுக்கலையும் பிழிதலையும்தான் இந்த இயந்திரம் மின்சாரத்தால் செய்கிறது. அதில் புதுமை என்று சொல்ல அதிகம் இல்லை என்றாலும், தேர்வு செய்வது எளிதாக இருக்கவில்லை. திருகு நின்ற நிலையில் அமைந்த வகை, படுத்த நிலையில் அமைந்த வகை என்று இரண்டு உண்டு. நின்ற வகை இடத்தை அடைக்காது. பழங்களை விரைவாகப் பிழியும். தென் கொரியாவின் ஹூரோம், குவிங்ஸ் போன்ற நிறுவனங்கள் இவ்வகைக்குப் பெயர் பெற்றவை. கீரை, கோதுமைப்புல் போன்ற இலைகளுக்குப் படுத்த வகை நன்று. ஆனால் பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தர வேண்டியிருக்கும்.

விளம்பரங்கள் வேறு எங்களைக் குழப்பின. வேகமான இயந்திரத்தின் சூடு பழத்திலுள்ள நொதிகளைக் கொன்றுவிடும், மெதுவான இயந்திரம் அவற்றை உயிரோடு காக்கும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். சில வினாடிகள் சுழல்வதால் பழம் அப்படியொன்றும் கொதித்துவிடுவதில்லை. நொதிகள் புரத வகையைச் சேர்ந்தவை. பருகிய பின் மற்றப் புரதங்களைப் போலவே அவையும் வயிற்றில் செரிக்கப்படுகின்றன. 'கோல்டு பிரஸ்' என்ற பெயரும் அப்படித்தான். அரைத்த பழத்தைத் துணியில் பொதிந்து பெரும் அழுத்தத்தில் பிழியும் கருவிக்குரிய அப்பெயரைத் திருகு ஜூஸர்களுக்கும் சூட்டிவிட்டார்கள். மெய்யான நன்மைகள் எளியவை. நுரை குறைவு. சாறு சீக்கிரம் பிரிந்து நீராக மேலே நிற்பதில்லை. இலைகளிலிருந்தும் நன்றாகச் சாறு இறங்கும். சத்தமும் குறைவு, ஸஹர் நேரத்தில் இயக்கினாலும் உறங்கும் குழந்தைகள் விழிக்கமாட்டார்கள்.

இத்தனையும் படித்துத் தேறி, பதினெட்டாயிரம் ரூபாய் விலையுள்ள ஓர் இயந்திரத்தில் வந்து நின்றோம். பழச்சாற்றுக்காகப் பதினெட்டாயிரமா என்று ஒருவர் தயங்கினோம். உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறலாகாது என்ற திருக்குர்ஆனின் அறிவுறுத்தல் (7:31) நினைவுக்கு வந்தது. ஆனால் உம்மாவுக்காகச் செய்வது எப்படி வீண் விரயமாகும் என்ற பதிலும் உடனே வந்தது. அந்தப் பதில் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்துப் போனதற்கே நாங்கள் ஐயப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் எதிர்வீட்டு ராத்தா செய்தி கேள்விப்பட்டு, "என்னிடம் ஒன்று சும்மாதான் இருக்கிறது. ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்" என்று தம் வீட்டு இயந்திரத்தைப் பெட்டியோடு தூக்கிவந்து கொடுத்துவிட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது; ஆண்டுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் அவர் அதை எடுத்ததில்லையாம்.

அந்த வியாழக்கிழமை சென்னையில் இருப்பவரும் ஊருக்கு வந்திருந்தார். துபாயில் இருப்பவர் கைப்பேசித் திரையில் இருந்தார். அஸருக்குப் பிறகு நான்கு சாத்துக்குடியைத் தோலுரித்து, மூன்று கேரட்டை நறுக்கி, ஒவ்வொன்றாக இயந்திரத்தின் வாயில் இட்டோம். மெல்லிய முனகலோடு அது மென்றது. பெரிய கண்ணாடிக் குவளை நிறையச் சாறு இறங்கியது. பாங்கு சொன்னதும் உம்மா பேரீச்சம்பழக் கரைசலில் ஒரு மிடறு பருகி நோன்பு திறந்துவிட்டு, நாங்கள் நீட்டிய குவளையை மறுக்காமல் குடித்து முடித்தார்கள். எங்களுக்கு உள்ளம் நிறைந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, வழக்கம்போல் விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை அளவு பார்த்தோம். அந்நேரத்தில் 180-ஐ ஒட்டி நிற்கும் அளவு அன்று 260-ஐத் தாண்டியிருந்தது.

மறுநாள் மருத்துவரிடம் கேட்டபோது அவர் வியப்படையவில்லை. "நான்கு சாத்துக்குடியை ஒரே வேளையில் யாராவது உரித்துத் தின்பார்களா? சாறாக்கினால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிடலாம். சர்க்கரை முழுவதும் குவளைக்குள் வந்துவிடுகிறது. அதை மெல்ல மெல்ல உடம்புக்குள் விடும் நார் வெளியே போய்விடுகிறது. இயந்திரம் மெதுவாகச் சுற்றினாலும் சரி, வேகமாகச் சுற்றினாலும் சரி, இதில் மாற்றம் இல்லை" என்றார். பின்னர் நாங்கள் தேடிப் படித்தவையும் அதையே சொல்லின. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையை, தேநீரில் நாம் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில் சேர்த்திருக்கிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை அக்கணக்கில் சேர்க்கவில்லை. 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஹார்வர்ட் ஆய்வாளர்களின் ஆய்வு, முழுப் பழங்களை மிகுதியாக உண்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாற்றை மிகுதியாகப் பருகியவர்களிடம் அது கூடுதலாகவும் காணப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது. இரண்டு வாரமாகத் திருகின் வேகத்தைப் பற்றி அத்தனை படித்த நாங்கள், குவளைக்குள் என்ன இருக்கும் என்பதைப் படிக்கத் தவறியிருந்தோம்.

அன்று மாலை இயந்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க ஆயத்தமானோம். முந்திய நாளின் சக்கை ஒரு கிண்ணத்தில் மூடிவைக்கப்பட்டிருந்தது. உம்மா அதைத் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

"பழத்த வெளிய எடுத்து வச்சுட்டு, தண்ணிய எனக்குக் குடுத்திருக்கீங்க."

நாங்கள் சிரித்தோம். உம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு ஜூஸ் வேணும்னு நான் எப்ப வாப்பா கேட்டேன்? கொய்யாப்பழத்தக் கடிச்சுத் திங்க முடியலயேன்னுதானே சொன்னேன்."

இளையவள் தலைகுனிந்தாள். சொல்லியிருந்தார்கள். எங்கள் மூவரிடமுமே, வெவ்வேறு நாளில், வெவ்வேறு சொற்களில் சொல்லியிருந்தார்கள். சாப்பிடும்போது கட்டுப்பல் ஆடுகிறது, ஈறில் உரசுகிறது என்றார்கள். வயதானால் அப்படித்தான் உம்மா என்று ஒருவர் பதில் சொல்லியிருந்தோம். அடுத்த விடுமுறையில் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தோம். பழைய மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தோம். கீழ்வரிசைக் கட்டுப்பல் ஒரு கைக்குட்டையில் சுற்றப்பட்டு அதற்குள் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த ஓராண்டும் நாங்கள் நாள்தோறும், "உம்மா, சாப்பிட்டீர்களா?" என்று கைப்பேசியில் கேட்டுவந்திருக்கிறோம். "சாப்பிட்டேன்" என்ற பதிலோடு மனநிறைவடைந்தும் இருக்கிறோம்.

முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லும் நம்மிடமிருந்து வெளிப்படலாகாது என்பது இறைக்கட்டளை (17:23). அப்படியொரு சொல்லை நாங்கள் சொன்னதில்லை என்றே இதுவரை எண்ணியிருந்தோம். ஆனால் அவர்கள் சொன்னதைக் காதில் வாங்காமல், அவர்கள் கேட்காத ஒன்றைப் பெரும் விலைக்கு வாங்கிக் கொடுப்பதும் ஒருவகைச் சலிப்புத்தானோ என்ற எண்ணம் அன்று எங்களை உறுத்தியது. மெல்ல முடியாத உம்மாவுக்கு, அவர்களுக்குப் பதிலாக மெல்லும் ஓர் இயந்திரத்தைத் தேடினோமே தவிர, அவர்களே மெல்ல வழியுண்டா என்று எவரிடமும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பல் மருத்துவரிடம் போனோம். பல் விழுந்த இடத்தில் தாடை எலும்பு ஆண்டாண்டாகத் தேய்ந்துகொண்டே வரும், அதனால் நன்றாகப் பொருந்தியிருந்த கட்டுப்பல்லும் நாளடைவில் தளர்ந்துவிடும் என்று அவர் விளக்கினார். ஆண்டுக்கொருமுறையாவது காட்டியிருக்க வேண்டும் என்று சொன்னபோது எங்கள் முகத்தை அவர் பார்க்காதது அவருடைய பெருந்தன்மை. புதிதாகச் செய்யத் தேவையில்லை, உட்புறத்தில் புதிய படிவம் வைத்துப் பொருத்திவிடலாம் என்றார். இரண்டு முறை போய்வந்தோம். உரசும் இடத்தைத் தேய்த்துக் கொடுத்தார். மொத்தச் செலவு, நாங்கள் வாங்கவிருந்த இயந்திரத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. கொய்யாவின் விதை கட்டுப்பல்லுக்கு அடியில் புகுந்து வலிக்கும் என்பதால், விதைப் பகுதியை நீக்கிச் சிறு துண்டாக நறுக்கி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லும்படி உம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்.

ரமலான் முதல் நோன்பு திறந்தபோது உம்மாவின் தட்டில் ஆறு துண்டு கொய்யா இருந்தது. பேரீச்சம்பழத்தையும் கரைக்காமல் மென்றே உண்டார்கள். மக்ரிபுக்கு நேரமாகிவிடுமே என்று நாங்கள் சற்றே பதற, உம்மா ஒவ்வொரு துண்டாக எடுத்து, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தார்கள்.

அந்தச் சக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை உண்பவர் அறியமாட்டார், எனவே விரலிலும் தட்டிலும் ஒட்டியிருப்பதைக்கூட விட்டுவிட வேண்டாம் என்ற கருத்தில் நபிகளாரின் (ஸல்) போதனை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இதைக் கொண்டு பழச்சாறு பிழிவது கூடாது என்று எவரும் சட்டம் சொல்லிவிட வேண்டாம். ஒரு கிண்ணம் சக்கையைக் குப்பையில் கொட்டப்போகும் நேரத்தில் எங்களுக்கு அது நினைவுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்கிறோம். உம்மா அந்தச் சக்கையில் கேரட் பகுதியைப் பிரித்தெடுத்து, அரிசி மாவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து அடையாகத் தட்டினார்கள். மீதி கோழிக்குப் போயிற்று.

இறுதியில் நாங்கள் இயந்திரம் வாங்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், வேண்டும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்றார் ராத்தா. இப்போது அது எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்குப் பொதுவாகச் சுற்றிவருகிறது. அன்றாடம் புழங்கும் சிறு பொருளைக்கூட அண்டை வீட்டாருக்குக் கொடுக்க மனமில்லாதவர்களைக் கண்டிக்கும் 'அல் மாஊன்' அத்தியாயத்தைச் சிறுவயதிலேயே மனனம் செய்து எத்தனையோ தொழுகைகளில் ஓதியிருக்கிறோம். பானை, வாளி, கோடரி என்று விரிவுரையாளர்கள் காட்டும் புழங்கு பொருள்களின் வரிசையில் இந்த ஜூஸரையும் வைக்கலாம் என்பதை ராத்தாவின் செயலால் புரிந்துகொண்டோம்.

உங்கள் வீட்டுக்கு ஒன்று உண்மையிலேயே தேவைப்படலாம். தொண்டையில் உணவு இறங்காத நோயாளி இருக்கலாம். காய்கறியைத் தொடாதவர் சாறாகவாவது பருகக்கூடும். அப்படியானால் எங்கள் இரண்டு வாரத் தேடல் உங்களுக்குப் பயன்படட்டும். முதலில் எவரிடமாவது இரவல் வாங்கி ஒரு வாரம் இயக்கிப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் கழுவும் வேலை சலித்துவிட்டால், வாங்கிய பிறகும் சலிக்கும். சல்லடையின் கண்களில் நார் காய்ந்து ஒட்டுமுன் உடனே தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். இயந்திரங்கள் அலமாரியில் முடங்கிவிடுவது பெரும்பாலும் இந்த வேலைக்கு அஞ்சித்தான். மோட்டாருக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்றால் மயங்கிவிடாதீர்கள். முதலில் தேய்வதும் விரிசல் விடுவதும் சல்லடையும் ரப்பர் வளையங்களும்தான். அவை தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊருக்கு அருகில் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எத்தனை நிமிடம் தொடர்ந்து இயக்கலாம் என்பதையும் பாருங்கள். பல இயந்திரங்களுக்குச் சில நிமிட ஓட்டத்துக்குப் பின் ஓய்வு தேவை. இருபது பேருக்கு இஃப்தார் தயாரிக்க அவை பொருந்தா. மா, நெல்லி போன்றவற்றின் கொட்டையை நீக்காமல் இடக்கூடாது. இஞ்சி போன்ற நாருள்ளவற்றைக் குறுக்கே நறுக்கி இடுங்கள். இல்லையேல் நார் திருகைச் சுற்றிக்கொள்ளும். வாழைப்பழத்தில் சாறு வராது, கூழ்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யார் பருகப் போகிறார்கள் என்பதைப் பாருங்கள். நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு மருத்துவரைக் கேளாமல் சாறு கொடுக்க வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவருக்கு, பசலைக்கீரை, பீட்ரூட் போன்றவற்றின் சாறு நாள்தோறும் ஏற்றதன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பழச்சாறு தேவையே இல்லை என்றும், மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மிகாமல் இருக்கட்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

வீட்டில் முதியவர் இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். எந்த இயந்திரத்தையும் தேடுமுன், அவர்கள் உண்ணும்போது ஒரு வேளை முழுவதும் அருகில் அமர்ந்து பாருங்கள். எதை ஒதுக்குகிறார்கள், எந்தப் பக்கம் மெல்கிறார்கள், எதை மெல்லாமலே விழுங்குகிறார்கள் என்பது கைப்பேசித் திரையில் தெரியாது. துபாயில் இருப்பவர் இந்த விடுமுறையில் வந்தபோது முதல் வேலையாக அதைத்தான் செய்தார். உம்மாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல் ஆடுவதை அவர்தான் கண்டுபிடித்தார்.

நம் பெற்றோர் சொல்வதையும், சொல்லாமல் விடுவதையும் அறிந்துகொள்ளும் பொறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. நம் உணவிலும் செலவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.